கேட்டு விற்ற காணி, எழுதி மாறிய தோட்டம்

1784ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் கோல சிலாங்கூரின் மெலாவாத்தி குன்றைப் பிடித்தார்கள். பத்தாவியாவில் இருந்த தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் அங்கிருந்த கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். ஓராண்டு நிறைவதற்குள், 1785இல், சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். இன்று குன்றின் மேல் சில பீரங்கிகளைப் பார்க்கலாம். ஆற்றோரத்து நிலம் யாருடையது, அது எப்படிக் கைமாறியது என்பது பற்றி டச்சுக் கம்பெனி அங்கே சட்டம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

அதே கம்பெனி அப்போது யாழ்ப்பாணத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றியிருந்தது. அங்கே காணிகளையும் காணிக்காரர்களையும் வரிக்காகப் பதிந்த தோம்பு ஏடுகள் இருந்தன. அவற்றோடு, தமிழர் தமக்குள் காணியை எப்படி விற்றனர், ஒற்றி வைத்தனர், சீதனமாகக் கொடுத்தனர் என்பதைத் தொகுத்த ஒரு நூலும் இருந்தது. 1706இல் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பின், 1707இல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு தந்தார்கள். இலங்கை நீதிமன்றங்களில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் காணியையும் வடசிலாங்கூர்த் தோட்டத்தையும் நான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரே கேள்விக்காக. நிலம் கைமாறும்போது விற்பவரையும் வாங்குபவரையும் தவிர வேறு யாரைக் கேட்க வேண்டும்?

தேசவழமையின் விடை நீளமானது. காணியை அந்நியருக்கு விற்க நினைப்பவர் முதலில் தன் உரித்தாளிகளுக்கும், அந்தக் காணியில் பங்குள்ளவர்களுக்கும், அதை ஒற்றியாக வைத்திருக்கும் அயல் காணிக்காரருக்கும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் அதே விலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தால் அவருக்கே முதலிடம். சொல்லாமல் விற்றால், சொல்லப்படாதவர் பின்னால் வந்து அந்த விற்பனையைத் தன் பக்கம் திருப்பக் கேட்கலாம். டச்சுக் காலத்தில் இதற்கு ஒரு முறையும் வகுத்தார்கள். விற்கப்போகும் செய்தியை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஊர்த் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும். வாங்க விரும்பும் உரிமைக்காரர் அதற்குள் வந்துவிட வேண்டும். பெயருக்கு ஞானஸ்நானம் பெற்று வீட்டில் விபூதி பூசிக்கொண்டிருந்த ஊர் அது. மதம் மாற்ற வைத்த கூட்டம் கடைசியில் காணி விற்பனைக்கு அறிவிப்புப் பலகையாகப் பயன்பட்டதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

விற்பவருக்கே முழு உரிமை இருந்ததா என்பதும் காணியின் வகையைப் பொறுத்தது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். மணவாழ்வில் இருவரும் சேர்த்தது தேடியதேட்டம். ஒரே வேலிக்குள் இருக்கும் மூன்று துண்டுகள் மூன்று வெவ்வேறு விதமாகக் கைமாறலாம். ஆகவே ‘இது உன் காணியா?’ என்று மட்டும் கேட்டால் யாழ்ப்பாணத்தில் போதாது. ‘இது உனக்கு எந்த வழியில் வந்தது?’ என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல ஒரு குடும்பத்தின் வரலாறே தேவைப்பட்டது.

இவ்வளவு நெருக்கமான விதிகள் ஏன்? நிலம் குறைவு, ஆள் அதிகம். கிணற்று நீரை நம்பிய தோட்டப் பயிர், பனை, சிறு சிறு வயல். ஒருவர் தன் துண்டை வெளியாளுக்கு விற்றால் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் அவரிடம் போய்விடும். நாளை இறைப்பு முறையில் யாரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதை அந்த விற்பனையே முடிவு செய்யும். முன்வாங்கும் உரிமை இந்தக் கவலையில் பிறந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிலைமை தலைகீழ். அங்கே காடு வேண்டிய மட்டும் இருந்தது. கிடைக்காதது மனித உழைப்பு. மலாய் வழக்கில் நிலத்தை உயிருள்ளது, இறந்தது என்று பிரித்தார்கள். பயிரோ வீடோ பழமரமோ இருந்தால் அது ‘தானா ஹிடுப்’. அடையாளமே இல்லாமல் காடு மூடிவிட்டால் ‘தானா மாத்தி’. இறந்த நிலத்தைத் திருத்தி உயிர்ப்பித்தவருக்கு, அதைப் பயன்படுத்தும் வரை உரிமை. மலாக்காவின் பழைய சட்டத் தொகுப்பிலேயே இந்தப் பிரிவு உண்டு. அப்படிப்பட்ட நிலத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போது கொடுக்கும் தொகைக்கு ‘பூலாங் பெலாஞ்ஜா’ என்று பெயர்: காடு வெட்டி வரப்புக் கட்டி மரம் வைத்தவருக்கு அவர் செலவைத் திருப்பித் தருவது. மண்ணுக்கு விலை கிடையாது. அதில் இறங்கிய உழைப்புக்குத்தான் விலை.

இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல். 1884இல் மலாய் நில வழக்கங்கள் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1889இல் சிலாங்கூரின் ரெசிடென்ட் ஆனார். அவர் சொன்னதை முழுவதும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மண்ணுக்கு உடையவர் அரசரே, குடிக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்று அவர் நிறுவினார். அரசரின் பெயரால் ஆண்ட ஆங்கிலேயருக்கு இது மிகவும் வசதியான முடிவு. ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும்போது யாரையும் கேட்கத் தேவையில்லை அல்லவா? ஆனால் உழைப்பை ஒட்டிய உரிமை என்ற பகுதியில் அவருடைய சான்றுகள் வலுவானவை.

அதே மேக்ஸ்வெல்தான் அந்த வழக்கத்துக்கு மூடுவிழாவும் நடத்தினார். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858இல் கொண்டுவந்த பதிவு முறையை அவர் நேரில் போய்ப் படித்திருந்தார். டோரன்ஸ் துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்தவர். கப்பலுக்கு ஒரு பதிவேடு, அதில் யார் பெயரோ அவரே உடையவர் என்ற முறையை நிலத்துக்கும் கொண்டுவந்தால் என்ன என்பது அவர் யோசனை. சிலாங்கூரில் 1891இல் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நிலம் கைமாறுவது விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திடும்போது நடப்பதில்லை; பணம் கொடுக்கும்போதும் நடப்பதில்லை. லேண்ட் ஆபீஸ் பதிவேட்டில் பெயர் ஏறும் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது. 1966 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டமும் இதே அடித்தளத்தில் நிற்கிறது.

இரண்டு உலகங்களும் நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்று உண்டு: கடன். யாழ்ப்பாணத்து ஒற்றியில் கடன் கொடுத்தவர் காணியை எடுத்துப் பயிர் செய்து, விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். காணிக்காரர் பணத்தோடு எந்த நாளிலும் வந்து நிற்க முடியாது. பயிரின் பருவம் பார்த்துத்தான் மீட்கலாம். ஆனால் பருவம் வந்தால் மீட்கலாம். மலாய் ஊர்களில் இதற்கு நெருங்கிய உறவான ‘ஜுவால் ஜாஞ்ஜி’ இருந்தது. நிலத்தை விற்பதுபோல் மாற்றிக் கொடுத்து, குறித்த காலத்தில் பணம் திரும்பினால் நிலமும் திரும்பும் என்று வாக்குப் பெறுவது. இரண்டிலும் பணம் வாங்கியவர் தன்னை நிலத்துக்காரராகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஊரும் அப்படியே நினைக்கும்.

பதிவேடு அப்படி நினைக்கவில்லை. சிலாங்கூரின் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய ஒரு ஜுவால் ஜாஞ்ஜி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1917இல் தீர்ப்பான ஹாஜி அப்துல் ரஹ்மான் எதிர் முகமது ஹசன் வழக்கு. நிலம் பதிவேட்டில் முறைப்படி மாற்றப்பட்டிருந்தது. திருப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு தனித் தாளில் இருந்தது, அது பதிவாகவில்லை. தவணை கடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மீட்கக் கேட்டார்கள். மலாய் நாட்டு நீதிபதிகள் ஆங்கிலேயச் சமநீதிக் கொள்கைப்படி இதை அடமானமாகப் பார்த்து இரங்கினார்கள். லண்டனில் அந்த இரக்கம் செல்லவில்லை. இது வேறு வகைச் சட்டம், பதிவாகாத தாள் நிலத்தில் உரிமை எதையும் உண்டாக்காது, அது வெறும் ஒப்பந்தமே, அதற்கும் காலம் கடந்துவிட்டது என்றார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த வாக்கு, பதிவேட்டுக்குத் தெரியாததால் நிலத்தைப் பிடித்துவைக்கும் வலுவை இழந்தது.

எல்லை எழுதும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரியும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைப் பிரித்தால் கிழக்கே இன்னார், வடக்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் மனைவி என்று நான்கு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று வால் நீளும். கோல சிலாங்கூர்க் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், ஆட்கள் கிடையாது. முக்கிம் ஈஜோக் அல்லது ஜெராம் அல்லது பாசாங்கான், லாட் எண், பரப்பளவு, நில அளவைப் படத்தின் எண், அவ்வளவுதான். பக்கத்துக்காரர் செத்தாலும் விற்றாலும் இந்தக் கிராண்ட் மாற வேண்டியதில்லை. வசதி என்னவோ பெரிது. ஐம்பது ஆண்டு பழைய உறுதியில் இருக்கும் ‘இன்னார்’ யார் என்று கண்டுபிடிக்க யாழ்ப்பாணத்தில் எத்தனை நொத்தாரிசுமார் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்!

இதில் வேடிக்கையான ஒரு சங்கதியும் இருக்கிறது. மலாய் நாடுகளின் ரயில்வேயிலும் கருவூலத்திலும் நில அளவைத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகளாக உட்கார்ந்தவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத் தமிழர். பங்காளியைக் கேட்காமல் பரப்புக் காணியும் விற்க முடியாத ஊரிலிருந்து வந்தவர்கள், யாரையும் கேட்காமல் ஆயிரம் ஏக்கர் கைமாறும் ஏட்டைப் பராமரித்தார்கள். அந்த ஏக்கர்களில் வடிகால் வெட்டியவர்களும் களை எடுத்தவர்களும் பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஊரிலேயே காணியுரிமை இல்லாத சாதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் ஏராளம். ஏட்டின் இந்தப் பக்கமும் தமிழர், அந்தப் பக்கமும் தமிழர். ஏட்டுக்குள் மட்டும் தமிழர் மிகக் குறைவு.

வடசிலாங்கூரில் தோட்டங்கள் எப்படிக் கைமாறின என்று பார்த்தால் டோரன்ஸ் முறையே பழசாகிவிட்டது போலத் தோன்றும். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே தோட்டம் போட்டார். பின்னாளில் மலேயா பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர் இவர்தான். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் இவர் நட்டதே நாட்டின் முதல் வணிகச் செம்பனை. பெல்ஜிய மூலதனமும் சோக்ஃபின் குழுமமும் இதற்குப் பின்னால் நின்றன. இப்படிக் கம்பெனியின் பெயரில் கிராண்ட் ஏறிவிட்ட பிறகு, நிலத்தை விற்கப் பதிவேட்டைத் தொடவே வேண்டாம். பிரஸ்ஸல்ஸிலோ லண்டனிலோ பங்குகள் கைமாறினால் போதும். கிராண்டில் அதே பெயர் இருக்கும். உடையவர் வேறாக இருப்பார். இதன் உச்சம் 1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் நிலம் மலேசியர் கைக்கு வந்தது. எந்த மாவட்ட லேண்ட் ஆபீஸிலும் ஒரு மாற்றுப் படிவம்கூட நிரப்பப்படவில்லை. காலனிக்காரரின் கருவியாலேயே காலனிக்காரரிடமிருந்து திரும்பப் பெற்றது சாமர்த்தியம்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களுக்கு அன்றைக்கும் பிரட்டுக்கு, அதாவது காலைப் பேர்பதிவுக்கு, போகும் நேரம் மாறவில்லை.

லயத்துக்காரர்களுக்கு எந்தப் பழைய வழக்கத்தின்படி என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வெறும் கற்பனை விளையாட்டு அல்ல. மலாய் வழக்கின்படி பார்த்தால், நிலத்தை உயிர்ப்பித்தவர்களில் அவர்களும் உண்டு. காட்டை வெட்டிச் சாய்த்தது பல இடங்களில் ஜாவாக்காரரும் மலாய்க்காரரும். அதற்குப் பிறகு அந்த மண்ணை மூன்று தலைமுறை உயிரோடு வைத்திருந்தவர் தமிழர். ஆனால் கூலிக்கு உழைத்தவருக்குப் பூலாங் பெலாஞ்ஜா சேருமா என்ற கேள்வியை அந்த வழக்கம் சந்தித்ததே இல்லை. இலங்கைச் சட்டப்படியானால், பத்தாண்டு இடையூறில்லாத எதிரிடை ஆட்சிக்கு 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டத்தில் மதிப்பு உண்டு. எஜமான் அனுமதியோடு குடியிருப்பது அதில் சேராது. மலேசியாவிலோ அந்தக் கதவே இல்லை. எத்தனை காலம் நிலத்தில் இருந்தாலும் பதிவான உடையவரின் உரிமை அழியாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு சொல்கிறது.

மனிதரோடு கட்டிடங்களும் மாட்டிக்கொண்டன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளிக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. நிலம் தோட்டத்துடையது என்பதால்தான் எத்தனையோ தமிழ்ப் பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நிற்கின்றன. கோயில்களின் கதை இதைவிடச் சிக்கல். மேனேஜர் துரை வாய்மொழியாகச் சரி என்றதால் எழுந்த முனியாண்டிக்கும் மாரியம்மனுக்கும் புதிய கிராண்ட்காரர் முன்னால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இவ்வளவு சொன்னதால் தேசவழமையை நான் தூக்கிப் பிடிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அதே நூலில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. காணியைப்போல மனிதரும் உடைமைக் கணக்கில் வருகிறார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ‘அந்நியர்’ என்று அந்த வழக்கம் தடுத்தவர்களில் நேர்மையாகப் பணம் சேர்த்து ஒரு துண்டு நிலம் வாங்க வந்த தாழ்த்தப்பட்டவரும் இருந்திருப்பார். உரித்தாளியையும் பங்காளியையும் கேட்பது என்றால், ஊரில் ஏற்கெனவே காணி உள்ளவர்களைக் கேட்பது. காணியே இல்லாதவரை யாழ்ப்பாணமும் கேட்கவில்லை.

டோரன்ஸ் பதிவேட்டுக்குச் சாதி தெரியாது. பணம் இருந்தால் பெயர் ஏறும். இனம் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது: 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் யார் வாங்கலாம் என்பதற்குக் கோடு போட்டது. மலாய்க் குடியானவரின் நிலம் கடனில் செட்டியார்களிடம் போய்விடும் என்ற அச்சம் அதன் பின்னணியில் இருந்தது. செட்டியார் கிட்டங்கிகளில் கிராண்டை ஒப்படைத்துக் கடன் வாங்குவது சர்வசாதாரணம். அந்த ஒரு தாளைப் பெட்டியில் பூட்டினால் நிலத்தையே பூட்டியதாக ஆகும் அளவுக்குப் பதிவு முறை வலுவாக இருந்ததுதான் அவர்களுடைய தொழிலின் ஆதாரம். வலு எல்லை மீறிப் போனதும் உண்டு. 2000இன் இறுதியில் தீர்ப்பான அடோர்னா வழக்கில், போலிக் கையெழுத்தால் பினாங்கு நிலம் பறிபோன உடைமைக்காரருக்கு எதிராக, வாங்கியவர் பதிவே செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிழையை 2010இல்தான் அதே நீதிமன்றம் திருத்தியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் நாட்டில் கிராண்ட் வைத்திருந்த எவருக்கும் நிம்மதியாகத் தூங்கக் காரணம் இல்லை.

தோட்டத் தமிழர் பதிவேட்டுக்குள் கூட்டமாக நுழைய முயன்றதும் உண்டு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. இடைத்தரகர்கள் வாங்கித் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போயின. இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பொருளியலாளர் உங்கு அஜிஸ் எழுதிய அறிக்கை 1962இல் வந்தது. அதற்கு முன்பே, 1960இல், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள் தோட்டப் பாட்டாளிகள். முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சிடிமை வாங்கினார்கள். முன்வாங்கும் உரிமை சட்டத்தில் இல்லாத நாட்டில், அதைப் பணத்தால் உண்டாக்கிக்கொள்ளும் முயற்சி என்று இதை நான் வாசிக்கிறேன். விற்பனைக்கு வரும் தோட்டத்துக்கு அங்கே இருப்பவரே முதல் வாங்குநர்.

பின்னாளில் நிலச் சட்டத்தில் 214அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை மாற்றுவதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கேட்காமல் விற்கலாம் என்றிருந்த முறைக்குள் ‘கேள்’ என்ற சொல் கடைசியில் நுழைந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியது வாரியத்தை.  வீடமைப்புக் கம்பெனிக்குப் போன பெரிய தோட்டங்களுக்கு இந்தப் பிரிவு பெரிதாகக் குறுக்கே நிற்கவில்லை.

முன்பு பத்தாங் பெர்ஜுந்தாய் எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியிருக்கின்றன. தோட்டம் கைமாறிய கதைகளில் அதிகம் பேசப்பட்டது அவர்களுடையதுதான். காடு திருத்திய உரிமையையோ ஒற்றி மீட்கும் பருவத்தையோ அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வீட்டை. நிலத்தோடு சேர்ந்த வீடு, லாட் எண்ணோடு, தங்கள் பெயரில்.